தாமதம் பூஜ்யம் என்று எழுதியிருந்த வாசல்

செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை

சென்னையில் ஏறி ஒரு மணி இருபது நிமிடத்தில் பலாலியில் இறக்கிவிட்டுவிட்டார்கள். ஓசூரில் என் வீட்டிலிருந்து பெங்களூர் விமான நிலையம் போய்ச் சேரவே இதைவிட அதிக நேரம் பிடிக்கும். இவ்வளவு பக்கத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்கு இரண்டு வருடமாக வராமலேயே, எல்லாம் தெரிந்தவன்போல நடந்துகொண்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயில், கோட்டை, ஒடியல் கூழ் பற்றிப் படிக்க நினைத்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் போனது ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்க்க. அங்கே பார்த்ததில் பாதி வெட்கக்கேடு. அந்த வெட்கக்கேடு என்னுடையது.

நான் யார் என்று சொன்னால்தான் மற்றது புரியும். வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன். பாகம் அளவுக்குள் இருந்தால் பச்சை அட்டை, அளவு தப்பினால் சிவப்பு அட்டை. ஓய்வுபெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் அதையே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். அப்படி ஒரு வகுப்பில் இணையம் வழியாகக் கலந்துகொண்ட ஒருவர், வடமராட்சிக் கரையோரத்தில் தங்கள் ஊரில் ஒரு பள்ளி நடத்துவதாகச் சொன்னார். அதன் பின்னால் இருப்பது வெளிநாடுகளில் இருக்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்த அறக்கட்டளை. அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளி என்று ஒரு வகை உண்டு. அரசு அனுமதியும் உதவியும் கொடுக்கும், தனியார் குழு நடத்தும், ஒப்பந்தத்தில் எழுதிய பலனைக் காட்டாவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது. இலங்கையில் அந்தப் பெயரில் பள்ளி கிடையாது. ஆனால் இவர்கள் அதைப் பார்த்துவிட்டு, பள்ளி நிர்வாகத்தோடு அதேபோல ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். பலனை எப்படி அளப்பது என்று தெரியாமல் என்னிடம் வந்தார்கள். அளப்பதற்கு என்னை விட்டால் வேறு ஆள் யார் என்று நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சனிக்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்குத் திரையில் கூட்டம். படிவங்கள், அட்டவணைகள், வாசலில் வைக்க ஒரு பலகை என்று எல்லாமே ஓசூரில் என் மேசையிலிருந்து போயின. இப்போது அந்தப் பள்ளியை நேரில் தணிக்கை செய்து சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இதே முறையை இன்னும் நான்கு பள்ளிகளுக்குக் கொண்டுபோவார்கள். பெட்டியில் இரண்டு நல்ல சட்டையும், கையெழுத்துக்கென்று ஒரு புதுப் பேனாவும் இருந்தன.

விமான நிலையத்திலிருந்து நல்லூருக்குப் பதினாறு கிலோமீட்டர். ஓட்டோவுக்கு மூவாயிரம் ரூபாய், இலங்கைப் பணம். ஓட்டுநர் என் வயதுக்காரர், பேச்சுக்காரர். எதற்கு வந்தேன் என்று கேட்டார். பள்ளிக்கூடத்தின் தரத்தைப் பார்க்க என்று சற்றுக் கம்பீரமாகவே சொன்னேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“பிள்ளையளைத் தராசிலை வைச்சுப் பாப்பீங்களோ அண்ணை?” என்றார்.

சிரித்தேன். கிண்டல் என்று தெரிந்தது. அதற்குள் வேறொன்றும் இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய், மாலை ஐந்து மணி

நல்லூரில் விடுதி அறைக்கு ஆறாயிரத்து ஐந்நூறு, காலைச் சாப்பாடு சேர்த்து. அறை சுத்தம். குழாயில் ஒரு சொட்டு ஒழுகவில்லை என்பதைக்கூடப் பார்த்துக் குறித்துக்கொண்டேன், பழக்கதோஷம். வெளியே நடந்தால் கோயில் வீதியைவிட அதைச் சுற்றியுள்ள சந்துகள்தான் பிடித்திருந்தன. ஒவ்வொரு மதிலிலும் ஒரு தனியார் வகுப்பின் விளம்பரம், ஒவ்வொரு வாசலிலும் முப்பது நாற்பது சைக்கிள். பிள்ளைகள் ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்கு மிதித்துக்கொண்டு போனார்கள். படிப்பென்றால் இந்த ஊர் எப்படி என்று அந்தச் சைக்கிள்களே சொல்லிவிடும். இந்த ஊரில் ஒரு பிள்ளை பள்ளியை விடுகிறது என்றால் அதற்குப் பெரிய காரணம் இருக்க வேண்டும் என்று அன்றே யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் படுத்துவிட்டேன்.

புதன்கிழமை, காலை ஐந்தே முக்கால்

பருத்தித்துறை போகும் பேருந்தில் நெல்லியடிக்கு டிக்கெட் நூற்று அறுபது ரூபாய். ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். கோப்பாய், நீர்வேலி எல்லாம் வாழையும் செம்மண்ணுமாக வந்தன. பிறகு வல்லை வெளி. அங்கே மரம் கிடையாது, வீடு கிடையாது, இரண்டு பக்கமும் தண்ணீர் தேங்கிய தரை, நடுவில் சாலை. காற்று பேருந்தைப் பக்கவாட்டில் தள்ளியது. நடத்துனர் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த பெரியவர், சோளகக் காற்று தொடங்கிவிட்டது, இனிக் கடலுக்குப் போகிறவர்கள் பாடு சிரமம் என்றார். நான் தலையாட்டிவிட்டு என் தணிக்கைப் பட்டியலைப் புரட்டினேன்.

நெல்லியடியில் பிளேன்ரீ, அதாவது பால் சேர்க்காத தேநீர், ஐம்பது ரூபாய். அங்கிருந்து கடற்கரைக் கிராமத்துக்கு ஓட்டோவில் அறுநூறு. ஏழு இருபதுக்குப் பள்ளி வாசலில் இறங்கினேன்.

பலகையை முதலில் பார்த்தேன். நான் வரைந்து அனுப்பிய அதே பலகை, மில்லிமீட்டர் பிசகாமல். நான்கடி அகலம், வாசலில் நுழையும் எல்லோர் கண்ணிலும் படும் உயரம். ‘இன்று தாமதம்’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம். யாரும் தாமதிக்காவிட்டால் பச்சையில் பூஜ்யம், தாமதித்தால் சிவப்பில் எண்ணிக்கை. அன்று பச்சையில் பூஜ்யம். கீழே, இப்படித் தொடர்ந்து அறுபத்தொரு நாள் என்று எழுதியிருந்தது. பலகைக்குப் பக்கத்தில் நின்று நானே என்னைப் படம் எடுத்து, மனைவிக்கும் மகனுக்கும் பழைய தொழிற்சாலை நண்பர்களுக்கும் அனுப்பினேன். ஏழு நாற்பதுக்கு வாயிற்காவலர் கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். நான் எழுதிய விதி என் கண்முன் நடக்கிறது. உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன்.

அதிபர் என்னை வரவேற்றார். அங்கே தலைமையாசிரியரை அப்படித்தான் சொல்வார்கள். ஐம்பது வயது, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, எதைச் சொன்னாலும் கோப்பை எடுத்துக் காட்டும் மனிதர். என் படிவங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கணித ஆசிரியை சுகந்தினியிடம். தினமும் கொடிகாமத்திலிருந்து பேருந்தில் வருகிறவர். சனிக்கிழமைக் கூட்டங்களில் திரையின் ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். நேரிலும் அதிகம் பேசவில்லை.

ஆசிரியர் அறைச் சுவரில் என் மீன்முள் படம் பெரிதாக ஒட்டியிருந்தது. தரக்கட்டுப்பாட்டில் ஒரு குறைக்கு உள்ள காரணங்களை மீனின் முள்ளைப்போல வரைந்து பிரித்துக் காட்டுவோம். மீன்பிடிக் கிராமத்துக்கு மீன்முள் படம் கற்றுக்கொடுத்தவன் நான். பிள்ளைகள் அதைப் பார்த்து என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். இது என்ன மீன், சூடையா பாரையா என்று கேட்டார்களாம். சுகந்தினி அதைச் சிரிக்காமல் சொன்னார். படத்தின் ஒரு மூலை பிய்ந்து தொங்கியது. ஒட்டிவிடலாமே என்றேன். சுவரில் எதை மாற்றுவதென்றாலும் மாற்றப் படிவம் நிரப்பி அறக்கட்டளையின் ஒப்புதல் வாங்க வேண்டும், அதுதான் விதி என்றார். அந்த விதியையும் நான்தான் எழுதியிருந்தேன். ஓரமாக ஒரு துண்டு பசைத்தாளை நானே எடுத்து ஒட்டினேன்.

புதன், காலை பத்து மணி

தணிக்கையில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. காட்டுவதைப் பார்த்துவிட்டு, காட்டாத ஒன்றைக் கேட்பேன். ஒன்பதாம் தரத்தின், அதாவது ஒன்பதாம் வகுப்பின், வரவுப் பதிவேட்டைக் கேட்டேன். பக்கத்தைத் திருப்பியதும் ஒரு பெயர் மேல் அடிமட்டம் வைத்துச் சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தது. கஜந்தினி. ஓரத்தில் ‘விலகல்’ என்று ஒரு சொல். தேதியைப் பார்த்தேன். பலகையில் இருந்த அறுபத்தொரு நாளை எண்ணிப் பின்னால் போனால், கோடு இழுத்த மறுநாளிலிருந்து பூஜ்யம் தொடங்கியிருந்தது.

எண்களோடு வாழ்ந்தவனுக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அதிபரைக் கேட்டேன். பிள்ளை தொடர்ந்து பிந்தி வந்தாள், மூன்று தரத்துக்கு மேல் போய்விட்டது, அட்டவணைப்படி செய்தோம் என்றார். எந்த அட்டவணை என்றேன். கோப்பை எடுத்துக் காட்டினார். முதல் தாமதம், எச்சரிக்கை. இரண்டாவது, பெற்றோரை அழைத்தல். மூன்றாவது, ‘தனியே எடுத்து வைத்து முடிவு செய்யவும்.’

அந்த வரியைப் பார்த்ததும் என் காது சூடாகிவிட்டது. அது தொழிற்சாலையில் கெட்டுப்போன பாகங்களுக்கு எழுதிய வரி. அளவு தப்பிய பாகத்தைச் சிவப்புத் தொட்டியில் தனியே எடுத்து வைப்போம். அட்டவணையை அப்படியே நகலெடுத்து, ‘பாகம்’ என்ற சொல்லை மாற்றி ‘மாணவர்’ என்று போட்டிருக்கிறேன். கடைசி வரியை மாற்ற மறந்திருக்கிறேன். ஒரு பெண்பிள்ளையை எங்கே எடுத்து வைப்பது என்று இவர்கள் யோசித்திருக்கிறார்கள். தெரியாமல், பதிவேட்டுக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டார்கள்.

அதிபர் வெளியே போனதும் சுகந்தினி அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். அது ‘ஐந்து ஏன்’ படிவம். ஒரு குறை வந்தால் ஏன் என்று ஐந்து தரம் கேட்டுக்கொண்டே போனால் அடியில் உள்ள மூலகாரணம் வெளிவரும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அவர் கையெழுத்தில் அழகாக நிரப்பியிருந்தார். ஏன் தாமதம்? காலையில் வலையில் மீன் கழற்றுகிறாள். ஏன் அவள் கழற்ற வேண்டும்? சூடை மிகச் சின்ன மீன், கண்ணிக்குக் கண்ணி சிக்கியிருக்கும், வீட்டில் மூன்று பேர்தான். ஏன் சூடை பிடிக்கிறார்கள்? ஆழக்கடலில் போடும் பெரிய வலை இப்போது இல்லை. ஏன் இல்லை? அறுந்துவிட்டது. ஏன் அறுந்தது? இரவில் இந்திய இழுவைப் படகு வலைமேல் ஓடியது.

அதற்குக் கீழே என் குறிப்பு. என் சுருக்கக் கையெழுத்தோடு, சிவப்பில். ‘மூலகாரணம் பள்ளியின் கட்டுப்பாட்டுக்குள் இருக்க வேண்டும். திருத்தி அனுப்பவும்.’

திருத்திய தாள் அதன் பின்னால் இருந்தது. ஐந்தாவது ஏனுக்கு எதிரில் ‘மாணவியின் ஒழுங்கின்மை’ என்று இருந்தது. அதற்கும் என் குறிப்பு உண்டு. ‘நன்று.’

“அண்டைக்கு வேறை என்னத்தை எழுதிறது எண்டு எனக்குத் தெரியேல்லை சேர்,” என்றார் சுகந்தினி. “நீங்கள் ஏற்கிற மாதிரி ஒண்டு வேணும். எழுதினன். எழுதின கை என்ரை கைதான்.”

இதைவிடக் கேவலமான ஒன்றை அவரிடம் நான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அந்த முதல் தாளைப் பெயரை மறைத்து, ஓசூரில் ஒரு பயிற்சி வகுப்பில் திரையில் போட்டுக் காட்டியிருக்கிறேன். மூலகாரண ஆய்வை எப்படிச் செய்யக் கூடாது என்பதற்கு உதாரணமாக. ‘ஏன் என்று கேட்டால் நடுக்கடல் வரைக்கும் போயிடுறாங்க பாருங்க’ என்றேன். முப்பது பேர் சிரித்தார்கள். நான் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்த படத்துக்குப் போனேன். அந்தச் சிரிப்புச் சத்தம் அந்த ஆசிரியர் அறையில், மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவில், எனக்கு மறுபடியும் கேட்டது.

புதன், மதியம் பன்னிரண்டு

கஜந்தினி இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டேன். வீட்டில்தான் இருக்கிறாள். வெள்ளிக்கிழமையோடு பத்தாம் தரத்துக்குப் பெயர் கொடுப்பது முடிகிறது. அதில் பெயர் இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்து இந்தப் பள்ளியிலிருந்து சாதாரணதரப் பரீட்சை என்ற அரசுப் பொதுத்தேர்வை எழுத முடியாது. வேறு பள்ளி பேருந்தில் போகும் தூரம். காலையில் மீன் கழற்றிவிட்டு அந்தப் பேருந்தைப் பிடிக்க முடியாது. கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வருகிறவள் என்று சுகந்தினி சொன்னார். ஆக, கையில் இருந்தது இரண்டு நாள்.

அதிபரிடம் போய் அவளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் தாமதத்துக்கு ஒரு வரம்பு இருப்பதை நினைவூட்டினார். அவள் தினமும் எட்டே காலுக்குத்தான் வருவாள், தினமும் ஒன்று ஏறும், வருடக் கடைசியில் அறக்கட்டளை கேட்கும், பதினெட்டு ஆசிரியர்களின் வேலை அதில் இருக்கிறது. நான் பேசிக்கொள்கிறேன் என்றேன்.

“கதைச்சால் காணாது சேர், எழுத்திலை தாங்கோ,” என்றார். “எழுத்திலை இல்லாதது நடக்கவேயில்லை எண்டு நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லித் தந்தனீங்கள்.”

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. நல்ல மாணவன் பாடத்தை ஒப்பிப்பதுபோலச் சொன்னார். அதுதான் உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து அறக்கட்டளைக்கு மின்னஞ்சல் எழுதினேன். தாமதத்தைக் குறையாக எண்ணும் முறை தவறு, அதை வகுத்தது நான், பள்ளி அல்ல. வரம்பை நீக்க வேண்டும். வீட்டு வேலையால் பிந்தும் பிள்ளைகளுக்கு எட்டேகால் வரை கேட் திறந்திருக்க வேண்டும். சான்றிதழில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. ஒரு பிரதியை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, அதிபரிடம் கொடுத்தேன். புதுப் பேனா அதற்குத்தான் பயன்பட்டது. அதிபர் இரண்டு தரம் படித்தார், கோப்பில் துளையிட்டு வைத்தார், பதிவேட்டை எடுத்துக் கோட்டுக்குக் கீழே அவள் பெயரைப் புதிதாக எழுதினார். இனி அவள் வர வேண்டும். அவளிடம் யார் போய்ச் சொல்வது என்று சுகந்தினி கேட்டார். நானே போவதாகச் சொன்னேன். சொல்லிவிட்டுப் பயந்தேன்.

வியாழக்கிழமை, காலை ஆறே கால்

நெல்லியடியில் இரவு தங்கி, விடிந்ததும் சுகந்தினியோடு கரைக்குப் போனேன். அன்று அவர் கொடிகாமத்திலிருந்து முதல் பேருந்திலேயே வந்திருந்தார். பள்ளியிலிருந்து எண்ணூறு மீட்டர்தான் அந்த வீடு. நடந்தே பார்த்தேன், பதினோரு நிமிடம். இரண்டு வருடத்தில் ஒரு தரம் வந்து இந்தப் பதினோரு நிமிடத்தை நடந்திருந்தால் போதும்.

படகு அப்போதுதான் கரைக்கு வந்திருந்தது. கஜந்தினியின் அப்பா படகைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார். மணலில் சாக்கு விரித்து அதன்மேல் வலையைக் குவித்து, தாயும் மகளும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். வலை முழுக்கச் சூடை, விரல் நீளம், வெள்ளியாகத் துடித்தன. கண்ணியை இரண்டு விரலால் விரித்து, செவுளில் அழுத்தி, தலைப்பக்கமாக உருவிப் பெட்டியில் போட வேண்டும். இழுத்தால் மீன் பிய்ந்துவிடும், வலையும் கிழிந்துவிடும். ஏழரைக்குக் கரையில் சற்றுத் தள்ளி, வியாபாரிகள் வந்ததும் மீனைக் கூறி விற்பார்கள், அதாவது ஏலம். அதற்குள் பெட்டியில் இல்லாத மீனுக்கு விலை கிடையாது. பதினான்கு வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. அவள் விரல்களைப் பார்த்தேன். ஒரு மீனுக்கு நான்கு விநாடி. என் மண்டை தானாகவே எண்ணிவிட்டது. எண்ணியதை நினைத்து அங்கேயே கூசிப்போனேன்.

ஆசிரியையைக் கண்டதும் கஜந்தினி எழுந்துவிட்டாள். அம்மா எழவில்லை, கை நிற்கவில்லை, வாங்கோ என்று மட்டும் சொன்னார். இருக்க ஒரு பிளாஸ்டிக் கதிரை வந்தது. பிளேன்ரீயும் வந்தது. என் பேச்சைக் கேட்டு எந்த ஊர் என்று விசாரித்தார். இந்தியா என்றேன். அதுவரை நிற்காத கை நின்றது.

“இந்தியாவிலை எவ்விடம்?”

“ஓசூர்.”

“அது கரையோ அண்ணை?”

“இல்லம்மா. உள்ளே தள்ளி. மலைப்பக்கம்.”

“அப்ப சரி,” என்றார். கை மறுபடியும் மீனுக்குப் போனது.

அந்த ‘சரி’யோடு நான் தப்பித்திருக்கலாம். படகில் போனவன் நானல்ல, கடலில் காலை நனைத்ததைத் தவிர வேறு சம்பந்தம் எனக்கில்லை. ஆனால் அந்தத் தாய் என்னை மன்னித்தது நான் செய்யாத காரியத்துக்கு. செய்த காரியம் எனக்கும் சுகந்தினிக்கும் மட்டுமே தெரியும். தேநீரைக் கீழே வைத்தேன். சொல்லிவிட்டேன். வலை அறுந்ததுவரை டீச்சர் எல்லாவற்றையும் எழுதியிருந்தார், அந்தத் தாளை வேறு மாதிரி எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பியது நான், அதனால்தான் பெயரை வெட்டினார்கள் என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். புரியாமல்தான் பார்த்தார்.

“ரீச்சர் எழுதினது உண்மைதானே? உண்மையை ஏன் திருப்பி அனுப்பினீங்கள்?”

தப்பு என்னோடதும்மா என்றேன். அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. படகுப் பக்கமிருந்து அப்பா வந்து நின்றார். மகளைப் பள்ளிக்கு விடும்படி கேட்டேன், பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டது, எட்டேகால் வரை கேட் திறந்திருக்கும் என்றேன். அவள் படிப்பை நாங்கள் நிறுத்தவில்லை, வாசலில்தான் நிறுத்தினார்கள் என்று அவர் சொன்னார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏலத்துக்கு நடந்தார். முடிவை மகளிடம் விட்டுவிட்டார் என்று அதற்குப் பொருள் என்று சுகந்தினி பிறகு சொன்னார்.

கஜந்தினி பாவாடையில் ஒட்டியிருந்த செதிலைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“பிந்தி வந்தால் எழுதுவினமோ சேர்? எல்லாருக்கும் தெரியிற மாதிரி?”

கேட் சாத்தியிருக்குமா என்று அவள் கேட்கவில்லை. இதைத்தான் கேட்டாள். எழுத மாட்டார்கள், நான் பொறுப்பு என்றேன். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி

பலாலிக்குப் போகும் வழியில் பள்ளிக்கு ஒரு நடை போனேன். பத்தாம் தரப் பட்டியலில் அவள் பெயர் இருந்ததை என் கண்ணால் பார்த்துக்கொண்டேன். அதிபர் கை குலுக்கினார். சுகந்தினி கேட்வரை வந்தார். திரும்ப எப்போது வருவீர்கள் என்று அவர் கேட்கவில்லை, கேட்காதது நியாயம்தான். வல்லை வெளியில் காற்று முன்பைவிடப் பலமாக இருந்தது. இந்தத் தடவை அந்தக் காற்றில் யார் கடலில் நிற்கிறார்கள் என்று ஒரு முகம் எனக்குத் தெரிந்திருந்தது.

விமானம் எழும்பிக் கடலுக்கு மேல் வந்தபோது கீழே பார்த்தேன். இந்தப் பக்கத்துக் கரை மறைவதற்குள் அந்தப் பக்கத்துக் கரை வந்துவிட்டது. நடுவில் எல்லைக்கோடு எதுவும் தெரியவில்லை. தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று வலை வைத்திருப்பவர்கள் நினைப்பார்கள்.

திங்கட்கிழமை, ஓசூர்

வீட்டில் மறுபடியும் என் மேசை. அறக்கட்டளையிலிருந்து பதில் வரவில்லை, இதை எழுதும்வரை வரவில்லை. எங்கள் பழைய தொழிற்சாலை தெரு முனையில்தான் இருக்கிறது. காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதியதும் தாமதமாக வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே நிற்பதை மாடியிலிருந்து பார்த்தேன். எத்தனையோ வருடம் அந்தக் கேட்டுக்கு உள்ளே நின்று அவர்களை எண்ணியிருக்கிறேன். அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று ஒருவரையும் கேட்டதில்லை.

எட்டு இருபதுக்குச் சுகந்தினியிடமிருந்து செய்தி வந்தது. ‘வந்திட்டாள் சேர். எட்டு பன்னிரண்டுக்கு.’ கூடவே ஒரு படம். கேட் திறந்திருந்தது. வெள்ளைச் சீருடையில், இரட்டைப் பின்னலோடு அவள் உள்ளே போய்க்கொண்டிருந்தாள், முதுகு மட்டும்தான் தெரிந்தது. சமையலறையில் இருந்த மனைவியைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினேன். எனக்குக் கண் கலங்கியது என்பதைச் சொல்வதில் வெட்கமில்லை.

மனைவி படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். “பக்கத்துல என்னங்க அது, சிவப்பா?”

பலகை. நான்கடி அகலம், நான் குறித்துக் கொடுத்த உயரம். அறுபது நாளுக்கு மேலாக வெறும் பச்சை பார்த்த வாசலில், ‘இன்று தாமதம்’ என்பதற்கு எதிரில் சிவப்பில் ஒன்று. பள்ளி முழுவதும் அந்த ஒன்று யார் என்று அறியும். எழுத மாட்டார்கள் என்று அவளிடம் சொன்னவன், கேட்டைப் பற்றி எழுதினான், வரம்பைப் பற்றி எழுதினான், அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று படம்கூட எடுத்துக்கொண்டான். அதை இறக்கச் சொல்ல மட்டும் மறந்துவிட்டான்.

உடனே சுகந்தினியை அழைத்தேன். பலகையை இப்பவே கழற்றிடுங்க டீச்சர் என்றேன். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது.

“உதுக்கும் மாற்றப் படிவம் நிரப்ப வேணுமோ சேர்?” என்று கேட்டார்.